மூப்படைந்த மல்லன் மேடையேறலாமா?

வாலிபரே, கலப்புச் சண்டைகளில் வயது கடந்த மல்லர் திரும்பி வருவதைக் கைப்பேசியில் பார்க்கிறீர்கள். அதைப்பற்றி ஒரு வார்த்தை.

முகம்மது அலி 1979-ல் ஓய்வு பெற்றார். 1980 தொடக்கத்தில் சென்னை நேரு ஸ்டேடியத்தில் காட்சிக்காகக் குத்துச்சண்டையிட்டார். நம்மவர் கைதட்டினர், அதில் தோஷமில்லை. அக்டோபரிலோ, 38 வயதில், லாரி ஹோம்ஸிடம் பத்துச் சுற்றுகள் மெய்யாகவே அடிபட்டார்.

சரீரம் சர்வேசுரனுடையது, நாம் அதற்குக் காவல்காரர் மாத்திரமே என்று ஐந்தாம் கற்பனைக்கு அர்த்தம் சொல்கிறோம். ஆகில் அலி குற்றவாளியோ? அவர் மனச்சாட்சியை நான் தீர்ப்பிடேன். டிக்கெட் வாங்கினவனைப் பற்றியே என் விசாரம். ஆம்பூரில் முதுகு வளைந்த கிழவர் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழிக்குத் திரும்பி வந்தால், "வேண்டாம் பெரியவரே" என்று கையைப் பிடிப்போம், பிடிக்கவாவது வேண்டும். அடிபட வருகிறவனுக்கோ பணம் கொடுக்கிறோம்.

அன்றிரவு பத்தாம் சுற்று முடிந்ததும் அந்த "வேண்டாம்" சொல்லிச் சண்டையை நிறுத்தியவர் அவருடைய பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ.