ஆன்மிகமும் சமய ஒழுக்கமும்

திருச்சிற்றம்பலம்

இக்காலத்திற் கற்றார் பலர், “யாம் ஆன்மிகத்தில் நாட்டமுடையேம், சமயத்திற் கட்டுண்டேமல்லேம்” எனக் கூறக் கேட்கின்றோம். நீறிடுதலும், ஆலயஞ் சேறலும், நியமமாகப் பூசித்தலும் புறத்தன என்றும், ஆன்மிகமோ ஒவ்வொருவர் உள்ளத்தும் இயல்பாகவே அமைந்த ஒரு கூறு என்றும், அகத்தது வாய்த்தார்க்குப் புறத்தது வேண்டா என்றும் அவர் தங் கருத்தை விரிப்பர். இவர்க்கு எதிராக, நியமங்களைத் தவறாது செய்து வருவாருட் சிலர், “செய்வன செய்தாயிற்று; இனி எமக்கு என்ன குறை?” என்று அமைந்து விடுகின்றனர். இவ்விரு திறத்தாரும் தம்முள் மாறுபட்டார் போலத் தோன்றினும், அகம் வேறு புறம் வேறு எனப் பிரித்துக்கொண்டு ஒன்றை மட்டும் பற்றிய வகையால் ஒரு தன்மையரேயாவர். ஆன்மிகத்திற்கும் சமய ஒழுக்கத்திற்கும் வேறுபாடு உண்டோ, உண்டாயின் அஃது எங்ஙனம் உள்ளது, அதனை யார்மாட்டு வைத்து அறிதல் வேண்டும் என்பன சித்தாந்த நெறி நின்று ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் ஆன்மிகம் என்னுஞ் சொல்லின் பொருளைக் காண்பாம். ஆன்மாவைப் பற்றியது யாதோ அஃது ஆன்மிகம். ஆகவே, ஆன்மாவின் இயல்பு துணியப்பட்டாலன்றி ஆன்மிகத்தின் இயல்பு துணியப்படாது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் அருளிச்செய்த சிவஞானபோதம் 12 சூத்திரங்களேயுடைய சிறு நூல். அந்நூல், உடம்பையும் பொறிகளையும் உயிர்ப்பையும் ஆன்மா அன்றென விலக்கி, அவற்றைக் கருவியாகக் கொண்டு அறிவதொரு பொருள் உண்டு என நிறுவுகின்றது. அம்மட்டில் நில்லாது, அப்பொருள் பிறிதொன்றன் உதவியின்றித் தானே அறிய வல்லதன்று, அறிவிக்க அறிவது என்பதனையும் காட்டுகின்றது. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. எனினும் இருளில் அது காணாது. கதிரொளி உடன் நின்றவழியே காணும். கண்ணின் ஆற்றல் பொய்யன்று. ஒளியின் உதவியும் வேண்டப்படாததன்று. ஆன்மாவும் அத்தகையதே.

இன்னும், ஆன்மா எதனைச் சார்கின்றதோ அதன் தன்மையாய் நிற்பது. பளிங்கின் அருகே செம்மலரை வைத்தால் பளிங்கு செம்மையாய்த் தோன்றும். நீலமலரை வைத்தால் நீலமாய்த் தோன்றும். அதுபோல, பாசத்தைச் சார்ந்தவழி ஆன்மா பாசமேயாய் நிற்கும். பதியைச் சார்ந்தவழிச் சிவமேயாய் நிற்கும். சாராது தனித்து நிற்றல் அதற்கு ஒருபோதும் இல்லை. இதனைச் சதசத்து என்று நூல்கள் கூறும்.

இதனால் யாது பெறப்பட்டது? பெட்டியில் வைத்த பொன்போல ஆன்மாவினுள் வைக்கப்பட்டதொரு கூறு அன்று ஆன்மிகம். ஆன்மா சிவத்தைச் சார்ந்து நிற்கும் நிலையே ஆன்மிகம் என்பது பெறப்பட்டது. அங்ஙனம் சாருந் தகுதி உயிர்க்கு இயல்பாகவே உண்டு. அதனை ஒருவர் கொடுக்க ஒருவர் கொள்வதில்லை. வேடரிடையே வளர்ந்த அரசகுமாரன் தன்னை வேடன் என்றே எண்ணியிருப்பினும், அரசன் வந்து உணர்த்திய பொழுது புதிதாக அரசகுமாரனாகிவிடவில்லை. முன்னரே அவனாயிருந்தான், அறியாதிருந்தான். ஆதலின், ஆன்மிகம் நம்முடையதே என்பார் கூற்றில் ஒரு பாதி உண்மை உண்டு. “அது நம்முள் இருத்தலின் நமக்குச் சார்பு வேண்டா” என்னும் மறுபாதியே பிழைபட்டது. அது, கண் தன்னையே ஒளியெனக் கருதி விளக்கை அவித்ததனோடொக்கும்.

அற்றேல், சிவத்தை உள்ளத்தாற் சாரலாமே, உடம்பாற் செய்யும் ஒழுக்கம் எற்றுக்கு எனின், கூறுதும். உயிர் அநாதியே பாசத்தைச் சார்ந்து பழகியது. கண் பிறர் பொருளைக் காணவும், செவி தன் புகழைக் கேட்கவும், கை தனக்கெனப் பற்றவும் பழகிவிட்டன. பழகிய கருவிகளை வேறு வழியிற் பழக்குதற்கு வேறொரு தொழில் வேண்டும். அத்தொழிலே சரியை முதலிய நெறிகளாம். திருக்கோயிலை அலகிடும் பொழுது கை தனக்கென ஒன்றனையும் பற்றாது பணி செய்யப் பழகுகின்றது. மலர் தொடுக்கும் பொழுது, தான் மோவாத மலரைப் பிறர்க்காகப் பேண மனம் பழகுகின்றது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கனையும் தாயுமான சுவாமிகள் அரும்பு தொடங்கிக் கனி ஈறாகவுள்ள வளர்ச்சிக்கு ஒப்பிட்டார். அரும்பு கனிக்குப் பகையன்று. கனியாதற்கு உரியதே அரும்பு. மேலும் நம் ஆசிரியன்மார் சரியையிற் சரியை, சரியையிற் கிரியை, சரியையில் யோகம், சரியையில் ஞானம் என இந்நான்கனையும் பதினாறாக விரித்தனர். அலகிடுதலினுள்ளேயே ஒரு ஞானம் உண்டு என்பதன்றோ இதனாற் போந்த பொருள்?

அகத்திற்கு அமைந்தார்க்குப் புறவொழுக்கத்தின் முறை வேண்டா என்பார், பூசலார் நாயனார் வரலாற்றைத் தமக்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. அவ்வரலாற்றைச் சேக்கிழார் கூறியவாறே நோக்குதல் நன்று. திருநின்றவூரிற் பூசலார் கோயிலெடுக்க விரும்பிப் பொருள் தேடிக் கிடைக்கப் பெறாமையின் மனத்தினுள்ளே கோயிலெடுத்தார். எடுத்தவர் ஒரு நொடியில் நினைந்து முடித்தாரல்லர். வேண்டும் பொருள்களை மனத்தாலே திரட்டினார், தச்சரைச் சேர்த்தார், ஆகம விதியின்படி நன்னாள் கொண்டு அடிநிலை பாரித்தார், இரவிலும் உறங்காது பணி செய்தார், விமானமும் சிகரமும் அமைத்தார், கிணறும் மதிலும் குளமும் வகுத்தார், பின்னரே தாபனத்திற்கு நாட் குறித்தார். கல்லும் சுண்ணமும் இன்றி எடுத்த கோயிலாயினும் முறையொன்றும் குறையவில்லை. அந்நாளிலேயே கச்சியிற் கற்றளி எடுத்த பல்லவ மன்னனது கனவில் இறைவர் தோன்றி, அவன் தாபனத்தைப் பின்னொரு நாளிற் கொள்ளுமாறு பணித்தார். அக்கற்றளி, கி. பி. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எடுத்த கயிலாயநாதர் கோயிலே என ஆராய்ச்சியாளர் பலரும் கருதுவர். பின்னர்க் கொள்ளுக என்றாரேயன்றி, வேண்டா என்றாரல்லர். மன்னனும் நின்றவூர் சென்று பூசலாரை வணங்கி மீண்டான். அகக்கோயில் புறக்கோயிலை இகழவில்லை. புறக்கோயில் எடுத்தான் அகக்கோயிலுடையாரை இகழவில்லை. இவ்வரலாற்றை அகத்திற்கும் புறத்திற்கும் வழக்காக்கியவர் நாமே.

இனி, மறுதிறத்தாரை நோக்குவாம். நியமம் வழுவாமை ஒன்றே அமையுமோ எனின், அமையாது. என்னை? ஆணவ மலம் செம்பிற் களிம்புபோல உயிரோடு உடன் நிற்பது. உயிர் எங்குச் செல்லினும் அதுவும் செல்லும். பூசையறையின் வாயிலில் நின்றுவிடுவதன்று. ஒருவர் விடியலில் எழுந்து நீராடித் திருநீறணிந்து பூசையில் அமர்கின்றார். மலர் வரச் சிறிது தாழ்த்தது. உடனே மனையாளை வைகின்றார்; ஏவலாளன் மேற் சினக்கின்றார். பின்னர் அச்சினம் அடங்கு முன்னரே அம்மலரை இட்டு அருச்சிக்கின்றார். பூசை முடிந்தது, அன்று அப்பூசையாற் பணியப்பட்டது யாது? “என் பூசை” என்பதில் “என்” என்பதே பணியப்பட்டது. பூசை இல்வழி அச்சினத்திற்கு நாணியிருப்பார். பூசையின் பொருட்டுச் சினந்தமையின் நாணவும் இல்லை. சமய ஒழுக்கத்தை ஆணவம் தனக்கு அணிகலனாக்கிக் கொள்ளுமாறு இதுவாகும். இதனைப் படிக்கும் நம்முள் இந்நிலையை ஒரு நாளேனும் அறியாதார் அரியர்.

ஆயின், இவ்விழிவு சமயத்தார்க்கே உரியது என ஆன்மிகம் பேசுவார் மகிழற்க. “யான் சடங்குகளைக் கடந்தேன், கோயிலுக்குச் செல்வார் இன்னும் கீழ்ப்படியிலுள்ளார்” என்று எண்ணுங்கால், அவ்வெண்ணத்துள் நிற்பதும் அவ்யான் என்பதே. முன்னவர்க்கு நீறும் அக்கமணியும் அணிகலன். பின்னவர்க்கு அவை இன்மையே அணிகலன். ஆகவே, வேறுபாடு செயலில் இல்லை. செய்யும் உயிர் எதனைச் சார்ந்து செய்கின்றது என்பதில் உள்ளது. ஒரே நீறு, ஒரே மலர், ஒரே மௌனம், தன்னைச் சார்ந்து செய்தவழி வெறுஞ் சமயப் பற்றாய் நிற்கும். சிவத்தைச் சார்ந்து செய்தவழி ஆன்மிகமாம்.

இவ்வேறுபாட்டை யார்மாட்டு வைத்து ஆராய்தல் வேண்டும்? தன்மாட்டே என்க. சார்பு உள்ளத்தின் உள்ளே நிகழ்வதாகலின், பிறருடைய சார்பு நமக்குப் புலனாகாது. வேடமும் செயலுமே புலனாவன. திருக்காளத்தியிற் சிவகோசரியார் வேதாகமங்களில் வல்லவர், தவத்தில் நின்றவர், ஊனும் எலும்பும் சந்நிதியிற் கிடக்கக் கண்டு உள்ளம் பதைத்தவர். அப்பதைப்பும் அன்பினால் எழுந்ததே. அத்தகையாருக்கே, திண்ணனாரது வாயிற் கொணர்ந்த நீரும் தலையிற் செருகிய மலரும் யாது என்பது தாமே தெரியவில்லை. இறைவர் கனவிற் கூறி, மறைந்து நின்று காணுமாறு பணித்த பின்னரே, தம் கண்ணை இடந்து அப்பிய அன்பு அவருக்குப் புலப்பட்டது. சேக்கிழார் சிவகோசரியாரை ஓரிடத்தும் இகழ்ந்தாரல்லர். பழுதற்ற ஒழுக்கமுடையார்க்கும் பிறர் உள்ளம் இறைவர் காட்டவே காணற்பாலது என்பதே நாம் கொள்ளத்தக்கது. அவருக்கே அரிதாயது நமக்கு எளிதாமோ?

மெய்ப்பொருள் நாயனார் வரலாறு இதனினும் கடியது. போரில் தோற்ற முத்தநாதன் மெய்யெல்லாம் நீறு பூசி, புத்தகக் கட்டினுள் வாளை மறைத்து வந்தான். திருக்கோவலூர் மன்னர் அவ்வேடத்தையே வணங்கினார். வாள் பாய்ந்த பின்னரும், தத்தன் அவனை வெட்ட எழுந்த போது தடுத்து, இடையூறின்றி ஊரெல்லை கடத்தி விடுமாறு பணித்தார். முத்தநாதனிடம் நீறு இருந்தது, சார்பில்லை. மன்னரிடமோ அந்நீற்றைச் சார்ந்து நின்ற உயிர் இருந்தது. ஒரே நீறு ஒருவனுக்கு மறைவாகவும் ஒருவருக்கு வீடாகவும் ஆயிற்று.

அங்ஙனமாயின், வேடத்தால் ஏய்ப்பாரை உலகம் வாளா விடுதல் தகுமோ எனின், தகாது. மன்னர் கொடுத்தது தம் உயிர். பிறர் உயிரையும் பிறர் பொருளையும் கொடுத்தாரல்லர். கோயிற் பொருளைக் காப்பார் கணக்குக் கேட்டலும், எளியோரை ஏமாற்றுவாரை நீதிமன்றத்தில் நிறுத்துதலும் அறமே. செயலை ஆராய்தல் ஆள்வார் கடன். சார்பை அளத்தல் ஒருவர்க்கும் கடனன்று. “இவன் செய்தது குற்றம்” எனலாம். “இவனுடையது வெறுஞ் சடங்கு, என்னுடையதே ஆன்மிகம்” எனலாகாது. முன்னது நீதி, பின்னது மலம்.

சிவஞானபோதத்தின் இறுதிச் சூத்திரம் எதனை விதிக்கின்றது என்பதை ஈண்டு நினைத்தல் வேண்டும். பதி பசு பாசம் துணிந்து, தன்னை உணர்ந்து, மலம் நீங்கி, இறைவன் திருவடியை அடையும் முறையெல்லாம் முன்னைச் சூத்திரங்களிற் கூறிய மெய்கண்டார், அதற்குமேல் 12ஆம் சூத்திரத்தில், ஞானம் பெற்றாரும் அன்பரோடு கூடியிருந்து, அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் சிவமெனவே கண்டு வழிபடுக என்று முடித்தார். ஞானம் பெற்றார்க்கு வழிபாடு ஒழியும் என அவர் கூறவில்லை. ஏறிய பின் தள்ளும் ஏணியன்று சமய ஒழுக்கம். கனிந்த அன்பு பிறரோடு கூடி வாழும் வாழ்க்கையே அது.

ஆகவே அன்பர்காள், நாளை விடியலிற் பூசைக்கு அமரும் பொழுது, அல்லது பூசையின்றி மௌனமாய் அமரும் பொழுது, நம்மை ஒன்று கேட்டுக்கொள்வோமாக: மலர் தாழ்த்து வந்தால் யாரை வைவேன்? அவ்வசையை அடக்கி, மலர் கொணர்ந்த கையும் அவன் திருப்பணி செய்த கையே எனக் கண்டு அதனை வாங்கி இடுவோமாயின், அன்று அப்பூசை ஆன்மிகமாயிற்று என்று துணியலாம். அத்துணிவும் நமக்கு மட்டுமே. அயலார் பூசைக்கு அன்று.

திருச்சிற்றம்பலம்