பத்தடி நகர்ந்த படகு

2023 ஏப்ரலில் சென்னை மெரினா லூப் சாலையில் மீனவர்கள் படகுகளைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்தினார்கள். சாலையோர மீன்கடைகளை ஆக்கிரமிப்பு என்று கருதி உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, மாநகராட்சி கடைகளை அகற்றத் தொடங்கியது, அதற்குத்தான் அந்த மறியல். மறு ஆண்டு ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் புது மீன் அங்காடி திறந்தார்கள். செய்தி என்ற அளவில் விஷயம் அத்தோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை. தார்ச்சாலையில் நின்ற அந்த ஃபைபர் படகு மனதை விட்டுப் போக மறுக்கிறது. அதே படகு மணலில் நின்றபோது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. பார்க்க அழகாகக்கூட இருந்தது. சூரியன் எழும்போது அதை முன்னால் வைத்துப் படம் எடுக்காதவர்கள் குறைவு. பத்தடி இந்தப் பக்கம் நகர்ந்ததும் அது மறியலாகிவிட்டது. இந்தப் பத்தடியில் என்ன நடந்தது?

கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை கடலை ஒட்டிப் போகும் அந்தச் சாலை, காலையில் ஓடுகிறவர்களுக்கு நன்கு பழகியது. பெசன்ட் நகரில் கிளம்பி, திரு.வி.க. பாலத்தில் அடையாற்றைத் தாண்டி, கடலோரமாகவே கலங்கரை விளக்கம் வரை போய், சாந்தோம் நெடுஞ்சாலை வழியே திரும்பினால் ஒரு வட்டம். மூச்சுக்குக் கடற்காற்று, கண்ணுக்கு விடியல், செலவு ஒரு பைசா கிடையாது. இப்படி வட்டமாக ஓடுகிறவர் எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடப் போகிறார். அதனால் நடுவில் இருப்பது எல்லாமே அவருக்குக் கடந்துபோக வேண்டிய ஒன்று. அந்த வழியில்தான் நொச்சிக்குப்பம், டுமிங்குப்பம், முள்ளிக்குப்பம் என்று ஊர்கள் இருக்கின்றன. (ஆரணிப் பக்கத்து முள்ளிப்பட்டிலிருந்து இதை எழுதுகிறவனுக்கு முள்ளிக்குப்பம் என்ற பெயரைப் பார்த்ததும் ஏதோ பங்காளி ஊர் போலத் தோன்றுகிறது. நமக்கும் கடலுக்கும் நடுவே 100 கிலோமீட்டருக்கு மேல் சாலை இருக்கிறது என்பது வேறு விஷயம்.) வலை உலர்த்துவது, படகுக்கு ஒட்டுப் போடுவது, ஏலம் கூவுவது எல்லாம் அந்த ஊர்களின் பிழைப்பு. ஓடுகிறவருக்கு அதுவே காட்சி.

கரையைக் காட்சியாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் தானாக வந்ததா என்றால், மெரினாவைப் பொறுத்தவரை அதற்கு ஆளும் தேதியும் உண்டு. 1881 முதல் 1886 வரை சென்னை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், இத்தாலியின் பலெர்மோ நகரக் கடற்கரையை நினைத்துக்கொண்டு இங்கே உலாவுசாலை அமைத்து, மெரினா என்ற பெயரையும் வைத்தார். மாலையில் உலாவ வரும் கனவான்களுக்கான ஏற்பாடு அது. நூறு ஆண்டு கழித்து, 1985-இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில் கடற்கரையை அழகுபடுத்துவதற்காகப் படகுகளையும் வலைகளையும் அகற்ற முற்பட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் 5 பேர் செத்தார்கள். அன்று பிரச்சினை போக்குவரத்து அல்ல. படகு மணலில்தான் நின்றது, சாலைக்கு வரவில்லை. அப்போதும் அது இடைஞ்சல்தான். ஆக, நான் மேலே சொன்ன பத்தடிக் கணக்கு அவ்வளவு சரியல்ல. படகு நகராமலே இடைஞ்சலாக முடியும். பார்க்கிறவருடைய கண்ணில் அழகு என்பது எதுவோ அதைப் பொறுத்தது அது.

இதற்கெல்லாம் காலையில் ஓடுகிறவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் யார் கடையையும் அகற்றவில்லை. ஹாரன் அடிப்பதில்லை, புகை விடுவதில்லை, வலை கிடந்தால் சுற்றிக்கொண்டு போகிறார். 2023 வழக்கின் மையம் வாகன நெரிசல்தான். சாந்தோம் நெடுஞ்சாலையின் கூட்டம் இந்தப் பக்கம் வழிந்ததால் வந்த வினை. பொதுச்சாலையில் வியாபாரம் செய்வது வாங்குகிறவருக்கே ஆபத்து என்று சொன்னவர்களையும் தள்ளிவிட முடியாது. மீனவர்களோ, இது எங்கள் ஊர்ப் பொதுவிடத்தில் போட்ட சாலை, எங்களுக்குப் பின்னால் வந்தது என்றார்கள். அங்காடி வந்ததில் கூரையும் தண்ணீரும் கிடைத்தது லாபமே. இவ்வளவையும் ஒப்புக்கொண்டாலும் ஒன்று பாக்கி நிற்கிறது. கடற்கரையைச் சீராக்க வேண்டும் என்று திட்டம் போடுகிற அதிகாரி, பெரும்பாலும் காருக்காக என்று சொல்வதில்லை. நடைபாதை, மிதிவண்டிப் பாதை, பொதுமக்கள் ஆரோக்கியம் என்றுதான் சொல்கிறார். குற்றமற்ற அந்த ஓட்டக்காரரின் பெயரில்தான் கரை காலியாகிறது. அவர் கேட்டாரா இல்லையா என்பது அந்தக் கோப்பில் இருக்காது.

நற்றிணையில் 45-ஆம் பாட்டு ஒன்று உண்டு. எழுதியவர் பெயர் தெரியாது. நெய்தல் நிலத்துக்கு வேகத் தேருடைய செல்வர் ஒருவரின் மகன் வருகிறான், கொடி அசையும் கடைத்தெரு உள்ள பழைய ஊர்க்காரன். பரதவர் பெண்ணை அவன் விரும்ப, தோழி அவனை மடக்குகிறாள். நாங்கள் சுறாவை அறுத்துக் காயப்போட்டுப் பறவை விரட்டுகிறவர்கள், எங்கள் மேல் மீன் நாற்றம் அடிக்கும், தள்ளி நில் என்கிறாள். எங்களுக்குள்ளேயும் பெரிய மனிதர்கள் உண்டு என்று கடைசியில் சேர்த்துக்கொள்கிறாள். இதைச் சாதாரணமாகச் சேட்படை, அதாவது தலைவனைத் தோழி தள்ளி நிறுத்துவது, என்று துறை சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் பிடித்தது, நாற்றத்தை அவள் தாழ்வாகச் சொல்வதுபோல் சொல்லி வேலியாக்கிக்கொள்வது. காட்சிக்கு வந்தவனிடம், இது எங்கள் வேலை செய்யும் இடம் என்று வேறு எப்படிச் சொல்ல முடியும்? நெய்தலைக் கழியும் கானலும் மட்டுமாகப் பாடிவிட்டுப் போகாமல், காயும் மீனோடும் உப்பு விற்கும் உமணரோடும் சேர்த்தே பாடினார்கள். நாற்றத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நெய்தல் ஆகாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உள்ளூரிலிருந்தே பார்த்தால் இது இன்னும் தெளிவாகிறது. ஆரணிப் பக்கத்துத் தறிக்காரர் தெருக்களில் வெயில் ஏறுமுன் பாவு போடுவது உண்டு. தெரு நீளத்துக்குப் பட்டு இழைகள் இழுபட்டு நிற்க, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பார்கள். இழையை விரல் நுனியில் திரித்து ஒட்டும்போது முகம் பாவுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். அந்த நேரத்தில் பைக்கில் வருகிறவர் ஓரமாகத்தான் போவார், சில சமயம் இறங்கித் தள்ளிக்கொண்டும் போவார். யாரும் வழக்குப் போட்டதில்லை. தெரு நடப்பதற்கும்தான், நெய்வதற்கும்தான். ஒரு பாவுக்கு எவ்வளவு நேரம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் இது நடக்கிறது. இதே மாவட்டத்தில் திருவண்ணாமலை கிரிவலமும் ஒரு வட்டம், 14 கிலோமீட்டர். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் நடக்கிறார்கள், பாதை முழுக்க வியாபாரம். அந்தக் கடைகளை யாரும் காட்சிக்குக் கேடு என்று சொல்லி நான் கேட்டதில்லை. எட்டு லிங்கங்களிலும் நின்று, டீ குடித்து, சில்லறை போட்டு நடக்கிறவருக்கு வழியில் இருப்பவர் தேவைப்படுகிறார். ஓடுகிறவருக்கு யாரும் தேவைப்படுவதில்லை. வேகம்தான் வித்தியாசமோ என்று ஒரு சந்தேகம்.

அதனால் என் வாதம் இதுதான்: ஒரு கரை அழகாக இருப்பதற்கு அங்கே வேலை செய்கிறவர்கள் காரணம் என்றால், வேலைக்கும் ரசனைக்கும் இடம் மோதும்போது ஒதுங்க வேண்டியது ரசிக்க வந்தவர். தர்க்கமாக இதில் ஓட்டை இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் கரையில் ஓடுகிற எல்லோரையும் ரசிக்க வந்தவர் என்று ஒரே பட்டியில் அடைக்க முடியுமா? இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். அதற்குப் பயிற்சி எடுக்கும் பையனுக்குக் கட்டணம் கேட்காத மைதானம் நகரத்தில் எங்கே இருக்கிறது? அவன் அதே குப்பத்துப் பையனாகவும் இருக்கலாம், அப்பா வலை பிரிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அவன் ஓடலாம். சர்க்கரை நோய்க்கு ஓடச் சொன்ன மருத்துவர் பேச்சைக் கேட்டு வருகிறவரும் அங்கேதான் வருகிறார். அவர்களுக்கும் அது பிழைப்புதான், வேறு வகையில். நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றால், வெயிலுக்கு முன் ஓட வேண்டும் என்பதும் விடியலில் படகு கரையேறும் என்பதும் ஒரே மணிக்குத்தான் வருகின்றன. பாவு போடும் தெருவில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள், ஒதுங்குவது அங்கே சுலபம். ஒருவரையொருவர் அறியாத பெருநகரக் கரையில் யார் யாருக்கு ஒதுங்குவது என்பதை எந்த விதியில் எழுதலாம் என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. நற்றிணைத் தோழிக்குப் பேச எதிரே ஒருவன் இருந்தான். காதில் பாட்டுக் கருவியோடு ஓடுகிறவரிடம் அவள் எந்த இடத்தில் பேச்சைத் தொடங்குவாள் என்பதும் தெரியவில்லை.