தறியைப் பிடுங்க வேண்டாம்



பிறவியிலேயே பார்வையற்ற தண்டியடிகள் நாயனார், தறி நட்டுக் கயிறு கட்டி, அதைத் தடவியபடியே திருவாரூர்க் குளத்து மண்ணைச் சுமந்தார். ஏளனம் செய்தவர்கள் தறியைப் பிடுங்கினார்கள்.

பெருமூளை வாதமுள்ள பிள்ளையின் தாயிடம் "என்ன பாவமோ?" என்று கேட்கும்போது நாமும் தறியைப் பிடுங்குகிறோம். அது வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பு, பாவத்தின் சம்பளமன்று. உடல் இணங்காவிடினும் பல பிள்ளைகளுக்கு அறிவு தெளிவாகவே இருக்கிறது. ஆகவே பிள்ளையோடும் பேசுவோம்.

அவனுக்கு ஊட்டி முடிவதற்குள் பால் பொங்கிவிடும். மற்றப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரமாகிவிடும். ஒருவேளைச் சோறு கொண்டுபோவோம். வீடு கலைந்து கிடந்தால் காணாததுபோல் இருப்போம். வெள்ளிக்கிழமைப் பூசையில் அந்தத் தாய் கண்மூடிக் கும்பிட்டு முடியும்வரை சக்கர நாற்காலியை நாம் பிடிப்போம். அதுவே நாம் கட்டும் கயிறு.

திருச்சிற்றம்பலம்.