பரலோகத்தில் சுவர் உண்டா?

"மனிதரெல்லாம் யார்?"

"கடவுளின் பிள்ளைகள்."

"பிள்ளைகளுள் பெரியவர், சிறியவர் உண்டா?"

"இல்லை."

ஞாயிறுதோறும் உபதேசியார் கேட்கிறார்; பத்து வயதுச் சிறுவன் விடை தருகிறான். தடுமாற்றமில்லை, தயக்கமில்லை. அதே சிறுவன் திங்களன்று என் வகுப்பில் வந்து அமர்கிறான். சென்ற ஆண்டு, நவம்பர் 2 ஆம் நாள் கல்லறைத் திருநாள் நெருங்கிய வேளையில், "தாத்தா கல்லறைக்கு வெள்ளையடித்தாயிற்றா?" என்று கேட்டேன். "அடித்தாயிற்று சார். எங்கள் கல்லறை சுவருக்கு அந்தப் பக்கம்" என்றான். என்ன சுவர் என்றேன். வாத்தியாருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற இரக்கம் அவன் முகத்தில் படர்ந்தது. "இந்தப் பக்கம் அவர்கள் சார், அந்தப் பக்கம் நாங்கள்" என்றான். நாளை விடுமுறை என்று சொல்வதுபோல, அவ்வளவு இயல்பாகச் சொன்னான்.

தோழர்களே! ஏளனம் செய்வதற்காக இதை எழுதவில்லை. அந்த மக்களின் அன்றாட வாழ்வை அருகிருந்து கண்டவன் நான். தென்பாண்டிச் சீமையின் சபைகளில், உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துக் காணிக்கையாகத் தரும் ஏழைத் தாய்மார் உண்டு. அரைவயிறு உண்பவள் அளந்து தரும் அரிசி அது! காய்ச்சலில் கிடப்பவனுக்குக் கஞ்சி கொண்டுபோகிறார்கள். சாவு வீட்டில் விடிய விடியத் துணையிருக்கிறார்கள். எழுத்து உனக்கு ஆகாதென்று தலைமுறை தலைமுறையாகத் துரத்தப்பட்டவனின் பிள்ளையை அவர்களின் பள்ளி அழைத்து உட்காரவைத்தது. இதையெல்லாம் மறைத்துவிட்டுப் பேசுகிறவன் பகுத்தறிவாளனல்லன்.

இந்த அன்பு பொய்யா? பொய்யன்று. பொய்யாக இருந்தால் கேள்வி எளிதாக முடிந்துவிடும். கஞ்சி கொண்டுபோன கையே கல்லறைக்கு நடுவே செங்கல் அடுக்கவும் துணிந்ததே, எப்படி?

"கொள்கை தூயது, மக்கள்தாம் பழுதுபட்டவர்" என்று விடை வருகிறது. விடை பழையது, எந்த மதத்துக்கும் பொருந்தும்படி தைக்கப்பட்ட சட்டை!

நெல்லைச் சீமை வடக்கன்குளத்தை எண்ணிப் பாருங்கள். 1872 இல் அங்கே எழுந்த திருக்குடும்ப ஆலயத்துக்குப் பீடம் ஒன்று. மக்கள் நிற்பதற்கோ கூடங்கள் இரண்டு! கால்சட்டையின் இரு கால்கள்போல விரிந்து, பீடத்தருகே வந்து கூடும் கட்டடம். வெள்ளாளர் முதலிய சாதியார் ஒரு காலில், நாடார் மறு காலில். யாரோ சிலர் மறைவில் செய்த பிழையா அது? அளவெடுத்து, கல் இறக்கி, சுண்ணாம்பு குழைத்து, குருமாரின் இசைவோடு கட்டப்பட்ட சாதி! 1910 இல் கௌசானல் என்ற பாதிரியார் தடுப்பை அகற்றினார். அகற்றியதும் வழக்கு மூண்டது. தனித்து நின்று தொழும் உரிமை பறிபோயிற்றாம்! வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றது. ஆய்வறிஞர் ஆ. சிவசுப்பிரமணியன் தம் 'கிறித்தவமும் சாதியும்' நூலில் இவ்வரலாற்றை எழுதியிருக்கிறார். இளைஞர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

கௌசானலுக்கு நம் வணக்கம் உரியது. ஆனால், தடுப்பை அகற்றியவரும் அதே வேதத்தை ஓதியவர்; வழக்காடியவர்களும் அதே வேதத்தை ஓதியவர்கள். இரு தரப்பாரும் இரவில் நிம்மதியாக மண்டியிட்டுச் செபிக்க இடம் தருகிற போதனை, போதனையாக மட்டும் நின்றுவிடுகிறது. உபதேசியாரின் வினாவிடையில் மூன்றாவது வினா ஒன்று விடுபட்டிருக்கிறது. 'பெரியவர், சிறியவர் இல்லையெனில் சுவர் எதற்கு?' வினாவையும் விடையையும் ஒருவரே எழுதிக் கையில் தரும்போது அந்த மூன்றாம் வினாவுக்கு இடமேது? ஆசிரியன் என்ற முறையில் எனக்கும் இது சுடுகிறது. பிறப்பில் வேற்றுமையில்லை என்னும் குறளை ஒப்பிக்கச் செய்து, நான் மதிப்பெண் போடவில்லையா? ஒப்பித்தவன் அந்த மாலையே எந்தத் தெருவில் நுழையத் தயங்கினான் என்று கேட்டேனா?

"மேலுலகில் எல்லாம் சரியாகும்" என்பாருமுண்டு. இறுதி நாளில் கல்லறைகள் திறக்குமாம். திறக்கட்டும்! அன்று எழுந்து வருகிறவர் சுவரேறிக் குதித்தா வருவார்? சமத்துவத்துக்கு அங்கே நாள் குறித்துவிட்டதால்தான் இங்கே அவசரமில்லாமல் போயிற்று என்கிறேன் நான். நாள் குறிக்காத ஊர்களில் குருதியும் சிந்தியது. 2008 மார்ச்சில் எறையூரில் ஒரே மதத்தார் இரு சாதியாய்ப் பிரிந்து மோத, துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். 2016 இல் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டது; திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை அது ஒப்புக்கொண்டது. நல்லது. ஒப்புக்கொண்ட மை உலர்ந்து ஆண்டுகள் பல ஆயின.

அந்தச் சிறுவனின் தந்தைக்கு இன்னொரு சுவரும் உண்டு. 1950 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியில் இந்துவுக்கு மட்டுமே இடம் என்றது. சீக்கியருக்கு 1956 இலும் பௌத்தருக்கு 1990 இலும் கதவு திறந்தது, கிறித்தவருக்குத் திறக்கவில்லை. "நீ கிறித்தவன், உனக்குச் சாதியில்லை" என்கிறது ஆணை. "நீ யாரானாலும் அந்தப் பக்கம்" என்கிறது ஊர். ஒரே மனிதன், காலையில் சாதியற்றவன், மாலையில் சாதிக்காரன்!

திருநாளன்று கல்லறைத் தோட்டத்துக்கு நானும் போனேன். இருட்டத் தொடங்கியதும் இரு பக்கமும் மெழுகுவத்திகள் எரிந்தன. காற்றில் தாத்தாவின் மெழுகுவத்தி அணைந்துபோக, சிறுவன் சுவரின் மேல் எம்பி, அந்தப் பக்கத்துக் கிழவி ஒருத்தியிடம் நெருப்புக் கேட்டான். அவள் மறுக்காமல் தந்தாள். திரும்பி வந்தவன் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்கள் சாமி கும்பிடமாட்டீர்களாமே சார், உங்களை எந்தப் பக்கம் புதைப்பார்கள்?" என்றான்.

எங்கள் ஊரில் புதைப்பதில்லை, எரிப்பார்கள் என்றேன். அங்கேயும் சுடுகாடு இரண்டு என்பதை அவனிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.