நிறுத்த முடிந்த கை

காபி டம்ளரைத் தூக்கும்போதுதான் முதலில் தெரிந்தது. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டு ஓரமாக, சுருக்கென்று ஒரு வலி. டம்ளர் டவராவுக்குள்ளேயே விழுந்தது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, திருவையாற்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தினமும் மூன்று மணி நேரம் கிராஸ் ஸ்டிச் போட்டதன் பலன்.

தஞ்சாவூரில் எலும்பு டாக்டர் ஒருவர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி முஷ்டி பிடிக்கச் சொன்னார். அப்படியே கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்தார். கத்திவிட்டேன். கட்டைவிரலை விரிக்கவும் தூக்கவும் உதவும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டில் ஓர் உறைக்குள் ஓடுகின்றன. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது உறை தடித்துப்போய், நாண்கள் நகர இடம் போதாமல் வலிக்கும். 1895-இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃப்ரிட்ஸ் த கெர்வெய்ன் பெயரால்தான் இன்றும் இந்த நோயை அழைக்கிறார்கள்.

"பொழுதுபோக்குதானேம்மா, விட்டுடுங்க" என்றார் டாக்டர், விரலை அசையாமல் பிடித்துக்கொள்ளும் பட்டையை எழுதிக் கொடுத்தபடி.

மறுநாள் காலை அக்கா வந்தார். நடவு, களையெடுப்பு இல்லாத நாட்களில் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் நான் அக்கா என்பேன், அவர் டீச்சர் என்பார். கையைப் பார்த்துவிட்டு, "என்னா டீச்சர் கட்டு?" என்று கேட்டார்.

"வாளி தூக்கும்போது பிசகிடுச்சுக்கா" என்றேன்.

ஏன் பொய் சொன்னேன்? இந்தக் கட்டுரையே அந்தக் கேள்வியால் எழுதுவதுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் தைக்கும் துணியில் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம். பத்துக்குப் பத்து அங்குலப் படம் என்றால் 19,600 கட்டம். எனக்கு அது இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் வேலை. சம்பா நடவில் சதுர மீட்டருக்கு 50 குத்து என்று வைத்தால் ஏக்கருக்குச் சுமார் 2 லட்சம். பத்துப் பேர் இறங்கி நட்டால் ஆளுக்கு 20,000 குத்து. என் ஒரு படமும் ஓர் ஏக்கரில் அக்காவின் பங்கும் ஏறக்குறைய ஒன்று. நான் ஊசியைப் பிடிக்கும் அதே மூன்று விரல்களால்தான் அவர் நாற்றைப் பிடித்துச் சேற்றில் ஊன்றுகிறார். நான் மின்விசிறிக்குக் கீழே. அவர் குனிந்த முதுகோடு, முழங்கால் சேற்றில்.

அவர் முன்னால் பூ தைத்துக் கை வலிக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

இந்த வெட்கத்துக்கு நம்மிடம் இரண்டு சுலபமான பதில்கள் உண்டு. ஒன்று, 'அவங்க படுற பாட்டுக்கு முன்னால ஒன் வலி ஒரு வலியா?' என்பது. நல்ல மனசுக்காரர்கள் சொல்வது. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டதால் அக்காவின் கை கொஞ்சமும் லேசாகவில்லை. இன்னொன்று, வலி என்றால் எல்லாருக்கும் வலிதான் என்பது. நரம்பைப் பொறுத்தவரை அது சரி. வாழ்க்கையைப் பொறுத்தவரை சரியில்லை. ஏதோ ஒரு வித்தியாசம் இருக்கிறது. அது வலியின் அளவில் இல்லை என்றால் வேறெங்கே?

இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமஸ்ஸினி 1700-இல் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, என்ன தொழில் செய்கிறார் என்பதையும் கேட்கச் சொன்னவர் அவர். 1713-இல் வந்த பதிப்பில், நாள் முழுக்க எழுதும் எழுத்தர்களின் கைவலியையும் சேர்த்தார். மருத்துவத்தை மாற்றிய கேள்வி அது. ஆனால் அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் வேண்டும் என்று எனக்குப் படுகிறது: உன்னால் நிறுத்த முடியுமா?

என்னால் முடியும். ஊசியைக் கீழே வைத்தால் அந்த ரோஜாவுக்கு இதழ் குறையும், அவ்வளவுதான். அப்படியானால் வலித்த பிறகும் மூன்று வாரம் ஏன் தைத்தேன்? இதைத்தான் ஒத்துக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது. முப்பது வருஷம் உழைத்துச் சம்பளம் வாங்கியவளுக்குச் சும்மா உட்கார்ந்து பூ தைப்பது கூச்சமாக இருந்தது. கை வலித்தபோது, உள்ளுக்குள் ஒரு திருப்தி. பார், இதுவும் உழைப்புதான் என்று. அக்காவைப் போன்றவர்களின் உழைப்புக்கு உள்ள மரியாதையை அந்த வலியைக் காட்டி எனக்கும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளப் பார்த்தேன். வலிக்கிறது என்று சொல்வது தப்பில்லை. நிறுத்த முடிந்தும் நிறுத்தாமல், அதைத் தியாகம் மாதிரி சுமந்ததுதான் தப்பு.

ஒரு வாரம் கழித்து அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். சிரித்தார். பிறகு சோப்பு நுரையோடு தன் கட்டைவிரலின் அடியைக் காட்டினார். "எனக்கும் இங்கனதான் டீச்சர். ரெண்டு வருசமா."

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"காட்டுனேன். ரெஸ்ட் எடுங்கன்னாரு." சாம்பிராணி போட்டுக்கொள்ளச் சொன்னதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

எனக்கு 'விட்டுடுங்க', அவருக்கு 'ரெஸ்ட் எடுங்க'. என் வேலை முக்கியமே இல்லை என்று நினைத்து ஒரு அறிவுரை. அவர் வேலையை விட முடியாது என்பதை நினைக்காமல் இன்னொரு அறிவுரை.

"இப்பல்லாம் நடவு மெஷினு வந்துடுச்சுல்லக்கா, கைக்கு ஓய்வுதானே?" என்று கேட்டேன்.

"மெஷினு வந்து கைவலியும் கொறஞ்சுச்சு, கூலியும் கொறஞ்சுச்சு. அதுக்குப் பேரு ஓய்வா?"

தானாக நிறுத்துவதும் நிறுத்தப்படுவதும் வேறு வேறு. ஓய்வு என்பது நிறுத்திய பிறகும் அடுப்பெரியும் என்ற உறுதி இருந்தால்தான். அந்த உறுதி எனக்கு ஓய்வூதியமாக மாதாமாதம் வருகிறது. அக்காவுக்கு யார் தருவது? அரசாங்கம், சங்கம், நிலத்துக்காரர் என்று மனசுக்குள் பட்டியல் போட்டுக்கொண்டே போனேன். பட்டியலில் என் பெயர் கடைசியில்தான் வந்தது. அவருடைய கூலியில் ஒரு பங்கைக் கொடுப்பவள் நானும்தானே?

"ஒரு மாசம் பாத்திரம் வேணாங்க்கா. சம்பளம் சம்பளமா வந்துடும்."

அவர் முகம் சட்டென்று மாறியது. "வேற ஆளு வெச்சிட்டீங்களா டீச்சர்?"

இல்லை என்று நம்பவைக்க அரைமணி நேரம் ஆனது. சும்மா வாங்க மாட்டேன் என்று இன்னொரு அரைமணி. கடைசியில், எனக்கு நாலு மாதம் ஆஸ்பத்திரி லீவில் முழுச் சம்பளம் வந்த கதையைச் சொன்னேன். "அதை நீங்க சும்மா வாங்குனதா நெனைக்கலியா?" என்று கேட்டார். இல்லை, உரிமை என்றுதான் நினைத்தேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி என்றார்.

இப்போது நான் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கடிகாரம் பார்த்து ஊசியை வைத்துவிடுகிறேன். பட்டை இரண்டு வாங்கினோம். அக்கா ராத்திரியில் போட்டுக்கொள்கிறார். பாத்திரத்தை என் வீட்டுக்காரர் தேய்க்கிறார். குழம்புச் சட்டியில் அடி சரியாகப் போகவில்லை. அடுத்த நடவுக்கு அக்கா போவார். அங்கே வலித்தால் நிறுத்த முடியாது. என்னால் ஆனது ஒரு மாதம்தான்.