ஆண்மை என்னும் அளவு

முதுகலை மாணவன் ஒருவன், ஜிம்மே கதியென்று இருப்பவன், ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டினான். "அம்மா, எனக்கு ஆண்மை குறைஞ்சிடுச்சா?" தாளில் இருந்த சொல் டெஸ்டோஸ்டிரோன். ஆண்மையை அவனுக்குக் கொடுத்தது நம் மொழி. வீரம், ஆளும் திறம், விந்து எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைத்து வைத்திருக்கும் மொழி. பெரியார் அழிய வேண்டும் என்றது இந்தச் சொல் சுமக்கும் கருத்தைத்தான்.

டெஸ்டோஸ்டிரோனை 1935இல் காளைகளின் விரைகளிலிருந்து பிரித்தெடுத்தார்கள். பெண்ணின் சூலகமும் அட்ரினல் சுரப்பியும்கூட அதைச் சுரக்கின்றன. (வகுப்பில் இதைச் சொன்னால் பையன்கள் நெளிகிறார்கள்.) தூக்கம் கெட்டால், உடல் பருத்தால் அளவு இறங்கலாம். காலை நேரத்தில் இரண்டு முறையாவது பார்த்த பிறகே குறைபாடு என்று முடிவு செய்ய வேண்டும். உண்மையான குறைபாட்டுக்குச் சிகிச்சை உண்டு, அதில் வெட்கமில்லை.

ஏற்றிய தசை இறங்கிவிடுமோ என்று பயந்து போடும் ஊசி வேறு. ஹார்மோன் வெளியிலிருந்து வந்ததும், விரைகளுக்கு மூளை அனுப்பும் சமிக்ஞை அடங்கிவிடுகிறது. விரை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு அறவே இல்லாமல் போகும். ஊசியை நிறுத்தினாலும் மீள மாதக்கணக்காகும்.

அதற்குள் கல்யாணமாகியிருந்தால், "விசேஷம் உண்டா?" என்று ஊர் கேட்கப்போவது யாரை? ஸ்கேனுக்கு முதலில் படுப்பவள் அவள். அவன் உடல் அவன் உரிமை என்பது நாமே கற்றுக்கொடுத்த வாதம். எனக்கு அதில் மறுப்பில்லை. ஊசியை அவளிடம் மறைப்பதும் அந்த உரிமைக்குள் வருமா? வராது என்றே நினைக்கிறேன். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கும் வீடுகளில் இதை யாரும் கேட்பதும் இல்லை.