இருக்கையும் இரக்கமும்

முதுகு வலிக்கையில் நல்ல நாற்காலியை நாடுவது ஆடம்பரமா, தேவையா? உடலை வருத்துவதே உயர்வு எனப் பழகிய மனம் ஆடம்பரம் என்கிறது. ஆனால் உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. அதைப் பேணுவது கடமையே.

நல்ல நாற்காலியை விலை காட்டாது. அமர்ந்து பார்த்தே அறிய வேண்டும். பாதங்கள் தரையில் முழுமையாகப் படிய வேண்டும். முழங்கால்கள் ஏறத்தாழ இடுப்பின் மட்டத்தில் இருக்க வேண்டும். சாய்மானம் கீழ்முதுகின் வளைவைத் தாங்க வேண்டும். எனினும் அசையாது அமர்ந்திருப்பதன் தீங்கை எந்த நாற்காலியும் போக்காது. இடையிடையே எழுந்து நடந்தாக வேண்டும்.

மேசையருகே உழைக்கும் நமக்கு எழுவது ஓய்வு. பள்ளிபாளையத்து விசைத்தறிக் கூடங்களில், அறுந்த இழைகளை முடிந்தவாறு தறிகளுக்கிடையே நிற்பவருக்கோ அமர்வதே ஓய்வு. நின்று உழைப்போர் வாய்ப்பு நேர்கையில் அமர இருக்கை வேண்டுமென 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவு விதித்தது. ஆயினும் 10 பேருக்குக் குறைந்த சிறு கூடங்களை அச்சட்டம் பொதுவாக எட்டவில்லை. கடைப் பணியாளர்க்கு இருக்கை தர வேண்டுமெனக் கேரளம் 2018-இலும் தமிழகம் 2021-இலும் சட்டம் திருத்தின.

சட்டம் இருக்கையைத் தரலாம். அதில் சற்றே அமர்பவரைச் சோம்பேறி என எண்ணாத உள்ளத்தை எச்சட்டம் தரும்? முதலாளியின் முகக்குறிப்புக்கும் வாடிக்கையாளராகிய நம் பார்வைக்கும் அஞ்சி எத்தனை முக்காலிகள் வெறுமையாய்க் கிடக்கின்றன! நமக்கென நாற்காலி தேடும் நாம், நமக்காக நிற்பவரை 'அமருங்கள்' என்று சொல்லவும் கற்போம். நம் வலி நமக்குக் கற்பிக்க வேண்டிய பாடம் அதுவே.